கண்ணுக்குப் புலப்படாத மலை

செஞ்சிக்கு வருவோர் மலை பார்க்க வருகின்றனர். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகள்; மூன்றையும் பிணைத்து நிற்கும் மதில்கள். 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை இது. 1698இல் மொகலாயர் புகுந்த கோட்டை; 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் கைப்பற்றிய கோட்டை. 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பெற்றுவிட்டது. பெருமைதான், மறுப்பார் இல்லை.

ஆயினும் நான்காவதாக ஒரு குன்று உண்டு. சிறியது. சக்கிலிதுர்க்கம் என்பது அதன் பெயர். ஒரு மலைக்கு அரசன் பெயர். ஒன்றுக்குக் கடவுள் பெயர். ஒன்றுக்கு நிலவின் பெயர். எஞ்சிய குன்றுக்கு உழைத்துத் தேய்ந்த ஒரு சாதியின் பெயர். வழிகாட்டுவோர் மூன்று என்றே எண்ணுகின்றனர். நான்காவதை எண்ணுவதற்குள் அவர்கள் விரல் மடங்கி விடுகிறது!

மலைக்கு நேர்ந்தது பாட்டுக்கும் நேர்ந்தது. தேசிங்கு, ஓராண்டுகூட ஆளாத இளைஞன். 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையோடு மோதி மாண்டான். அவனுக்கு முன்னே இக்கோட்டையைப் பல்லாண்டு ஆண்டோர் பலர். அவர்கள் பெயரை இன்று ஊரில் கேட்டால் விழிப்பார்கள். தேசிங்கின் பெயரோ நாடெங்கும் பரவியது. எதனால் பரவியது? கல்வெட்டாலா? கற்றறிந்த புலவர் காவியத்தாலா? இல்லை. ஊர்ப்புறத்துப் பாடகர் வாயால் பரவியது. கதைப்பாடலாகப் பாடினர், கேட்டவர் மீண்டும் பாடினர், பின்னர்ப் பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சேறிச் சந்தையில் விற்றது. மன்னனையும், அவனுக்காக உயிர் கொடுத்த இசுலாமியத் தோழனையும் சாகாமல் வைத்தது அந்தப் பாட்டு. பாடிய வாயின் பெயரோ எவர்க்கும் தெரியாது.

நம் வகுப்பில் ஒரு மாணவன். கணக்கு வராது, தாளம் வரும். மேசையில் இரு விரல் வைத்தால் போதும், வகுப்பே தலையாட்டும். "எங்கே கற்றாய்?" என்று கேட்டோம். "சினிமா பார்த்து, சார்" என்றான். பின்னரே அறிந்தோம், அவன் தந்தை தெருக்கூத்தில் மத்தளம் அடிப்பவர், பாட்டனும் அடித்தவர் என்று. சினிமாவில் கற்றேன் எனச் சொல்ல அவனுக்கு வெட்கமில்லை. தந்தையிடம் கற்றேன் எனச் சொல்லத்தான் வெட்கம்!

அவனை நாம் குறை கூறவில்லை. அவன் அந்த வெட்கத்தோடு பிறக்கவில்லை. யாரோ கற்றுக் கொடுத்தனர். கொடுத்தவர் பட்டியலில், பட்டம் பெற்றுப் பாடம் நடத்தும் நாமும் இருக்கிறோம். இத்தனை நாளில் ஒருமுறையேனும் கூத்து ஒரு கலை என்று அவ்வகுப்பில் நாம் சொன்னதுண்டா?

செஞ்சியில் மேலும் ஒரு மலை இருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத மலை. தன் தந்தையின் தாளத்தைத் தானே மறைக்கச் செய்யும் மலை. அம்மலையைக் கண்டு, அதற்குப் பெயரிட்டு, அதன்மேல் ஏறியும் காட்டிய ஒரு கவிஞரைப் பற்றித் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் தமிழரல்லர், அமெரிக்கக் கறுப்பினத்தவர். லாங்ஸ்டன் ஹியூஸ் என்பது அவர் பெயர்.

முரசுக்குத் தடை

ஹியூஸை அறியுமுன் அவர் காதில் விழுந்த இசையை அறிய வேண்டும்.

ஆங்கிலேயர் குடியேறிய வர்ஜீனியாவுக்கு 1619இல் ஆப்பிரிக்க மக்கள் விலைப்பொருளாய்க் கொண்டுவரப்பட்டனர். அன்று தொடங்கிய அடிமை வாழ்வு, 1865இல் அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாம் திருத்தத்தால்தான் சட்டப்படி ஒழிந்தது. இடைப்பட்ட காலம் இரண்டரை நூற்றாண்டு. மொழியைப் பறித்தனர், பெயரைப் பறித்தனர், பெற்ற பிள்ளையையும் பறித்து விற்றனர். முரசையும் விட்டுவைக்கவில்லை. 1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். முரசு முழக்கிக்கொண்டு நடந்தனர். மறு ஆண்டே சட்டம் வந்தது: அடிமைகள் முரசு கொட்டக் கூடாது! ஆண்டைக்குத் தெரிந்திருக்கிறது, தோலில் எழும் ஓசைக்கு ஆட்களைத் திரட்டும் ஆற்றல் உண்டு என்பது.

முரசைப் பிடுங்கினால் தாளம் போய்விடுமா? கையைத் தட்டினர், காலைத் தரையில் அடித்தனர். பருத்திக் காட்டில் ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர் எதிர்குரல் கொடுத்தனர். நம் கழனியில் நடவுப் பாட்டு எழுவது போலவும், கூத்தில் ஒருவர் பாடப் பின்பாட்டுக்காரர் ஏந்திக்கொள்வது போலவும்! நியூ ஆர்லியன்ஸ் நகரில் மட்டும், ஞாயிறுதோறும், காங்கோ சதுக்கம் என்ற ஒரே திடலில் கூடி ஆடவும் அடிக்கவும் விட்டிருந்தனர். அத்திடலின் நினைவும், கழனியின் குரலும், கோயிலில் பாடிய துதியும், படைக்குழுக்களின் ஊதுகருவிகளும் பிற்காலத்தில் கலந்தன. கலந்து பிறந்ததே ஜாஸ்.

அதற்கு முன்பே அதன் தாய் போலப் பிறந்திருந்தது புளூஸ். துயரத்தின் பாட்டு அது. ஆனால் ஒப்பாரி அன்று. ஓர் அடியைப் பாடுவர். அதையே மீண்டும் பாடுவர். மூன்றாம் அடியில் ஒரு திருப்பம் தருவர். பெரும்பாலும் ஒரு சிரிப்பும் தருவர். அழுகையும் நகைப்பும் ஒரே மூச்சில்! சுரத்தை நேராக நிறுத்தாமல் சற்றே வளைப்பர். அடி எங்கே விழும் என்று காது காத்திருக்கிறதோ, அங்கே விழாது; ஒரு நொடி முன்னோ பின்னோ விழும். அந்தத் தடுமாற்றம் போன்ற தடுமாறாமையில்தான் அவ்விசையின் உயிர் இருக்கிறது.

இந்த இசையைக் கறுப்பின மக்களிலேயே கற்றோர் வெறுத்தனர். ஏன்? வெள்ளையர் இகழ்ந்தது ஒரு காரணம். மற்றொரு காரணம், அது அடிமை நாளின் நினைவு. சவுக்கடி பட்ட முதுகை எவர்தான் திறந்து காட்ட விரும்புவார்? இந்த வெறுப்பை ஏளனம் செய்தல் எளிது, புரிந்துகொள்வதே கடமை. நம் நாட்டிலும் சாவு வீட்டில் பறை அடிக்கச் சாதியின் பேரால் கட்டாயப்படுத்தப்பட்டோர், "இனித் தொடமாட்டோம்" என்று பறையைத் துறந்தனர். அது கலையை வெறுத்ததன்று, கட்டாயத்தை வெறுத்தது. தன்மானம் அங்கே பறையைக் கீழே வைத்தது. பிற்காலத்தில் அதே தன்மானம் பறையை மேடையில் ஏற்றி முழக்கியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவருக்கே ஹியூஸின் வாழ்வு விளங்கும்.

சால்வையும் கடித உறையும்

ஹியூஸ் 1901ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் மிசௌரி மாநிலத்து ஜாப்லினில் பிறந்தார். தாயும் தந்தையும் பிரிந்தனர். கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் பாட்டி மேரி லாங்ஸ்டன் வளர்த்தார். அப்பாட்டியின் முதற்கணவர் யார் தெரியுமா? 1859இல் ஜான் பிரௌன் என்னும் வெள்ளை வீரர், அடிமைகளை விடுவிக்கப் படைக்கலச் சாலை ஒன்றைத் தாக்கினாரே, அந்த ஹார்ப்பர்ஸ் பெரிப் போரில் உடன் சென்று குண்டடிபட்டு மாண்ட லூயிஸ் செரிடன் லியரி. அவருடைய சால்வை என்று அக்குடும்பம் ஒரு சால்வையைப் போற்றிக் காத்தது. பேரனைப் பாட்டி அதில் போர்த்துவதுண்டாம். புராணக் கதை கேட்டுத் தூங்கும் பிள்ளைகள் உலகில் பலர். போராளியின் சால்வைக்குள் தூங்கிய பிள்ளை அவன்.

தந்தையோ நேர்மாறு. நிறவெறிக்கு அஞ்சி மெக்சிகோவுக்குப் போனார், பொருள் சேர்த்தார், ஏழையாய் இருந்த தம் இனத்தாரையே வெறுத்தார். இழிவு செய்தவன் மேல் எழ வேண்டிய சினம், இழிவுபட்டவன் மேல் திரும்பிய கொடுமை அது! மகன் பொறியியல் கற்க வேண்டும் என்பது அவர் விருப்பம்; கவிதையால் சோறு வருமா என்பது அவர் கேள்வி.

1920இல் பள்ளிப் படிப்பை முடித்த மகன், தந்தையைக் காண ரயிலில் போனான். பொழுது சாயும் நேரம். ரயில் மிசிசிப்பி ஆற்றைக் கடந்தது. அடிமைகளை ஏற்றி இறக்கிய ஆறு. சட்டைப் பையில் இருந்தது தந்தை எழுதிய கடிதம் ஒன்றே. அதன் உறையின் பின்புறத்தில் ஒரு கவிதையை எழுதினான். யூப்ரடீசு, காங்கோ, நைல், மிசிசிப்பி என ஆறுகளின் வழியே தன் இனத்தின் வயதைச் சொன்ன கவிதை அது. தன் மக்களை வெறுத்த தந்தையின் கடித உறைமேல், அம்மக்களின் பெருமையை எழுதினான் மகன்! மறு ஆண்டு, அறிஞர் டு பாய்ஸ் ஆசிரியராய் இருந்த 'கிரைசிஸ்' இதழ் அதை வெளியிட்டது.

தந்தை பணம் தர, 1921இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஓராண்டில் விட்டார். வகுப்பறையைவிட அருகிலிருந்த ஹார்லம் அவரை ஈர்த்தது. தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்கள் நியூயார்க்கின் அப்பகுதியை ஒரு தலைநகராகவே ஆக்கியிருந்தனர். 1923இல் சரக்குக் கப்பலில் வேலைக்கு ஏறினார். கரை மறையுமுன் தம் கல்லூரிப் புத்தகங்களைக் கடலில் எறிந்தார். மேற்கு ஆப்பிரிக்கா கண்டார். 1924இல் பாரிசில் ஓர் இசை விடுதியின் சமையலறையில் பாத்திரம் கழுவினார். இரவு முற்றியபின் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் அங்கே தங்களுக்காகவே வாசிப்பார்களாம். கழுவிய கையோடு கேட்டார் கவிஞர்.

பாட்டுக்குள் ஒரு பாட்டு

1925இல் 'ஆப்பர்ச்சூனிட்டி' இதழ் நடத்திய போட்டியில் அவர் கவிதைக்கு முதற்பரிசு கிடைத்தது. 'சோர்ந்த புளூஸ்' என்று தமிழில் அதன் தலைப்பைச் சொல்லலாம். மறு ஆண்டு அதே பெயரில் முதல் தொகுதி வெளிவந்தது.

அக்கவிதையில் நடப்பது இவ்வளவுதான். ஹார்லத்தின் தெருவொன்றில், இரவில், மங்கிய விளக்கொளியில் ஒருவன் பியானோ வாசித்துப் பாடுகிறான். கவிஞர் கேட்கிறார். பாடி முடித்தவன் போய் உறங்குகிறான். இதில் என்ன புதுமை? கவிஞர் சொல்லும் பகுதி ஏட்டு நடையில் அமைய, இடையே அப்பாடகனின் பாட்டு அவன் பேசும் மொழியிலேயே, புளூஸின் அடி மடக்கும் முறையிலேயே வருகிறது. லாரன்ஸ் நகரில் சிறுவனாய்த் திரிந்தபோது கேட்ட முதல் புளூஸை அதனுள் வைத்ததாக அவரே பின்னர் எழுதினார். தெருப்பாட்டைத் திருத்தவில்லை, இலக்கணம் என்னும் சோப்புப் போட்டு வெளுக்கவில்லை. காலடி ஓசை கவிதையின் அடியாகவே வந்து விழுகிறது. அதுவரை கவிஞர் பலர் இசையைப் பற்றி எழுதினர். இவர் இசையின் எலும்புக்கூட்டையே கவிதைக்கு எலும்பாக்கினார்.

பாலம் என்பது இதுதான். ஒரு கரை மற்றொரு கரையைத் தூக்கி விடுவதன்று பாலம்; இரு கரையும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் அது நிற்கும்.

அதே 1926இல், சூன் திங்களில், 'நேஷன்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். 'நீக்ரோக் கலைஞனும் இனமலையும்' என்று அதன் தலைப்பைப் பெயர்க்கலாம். தம்மிடம் ஓர் இளங்கவிஞர், இனத்தின் அடையாளம் இன்றி வெறும் கவிஞராக மட்டும் அறியப்பட விரும்புவதாகச் சொன்னதை அதில் குறிப்பிடுகிறார். நல்ல ஆசைபோல் தோன்றும். ஆழ்ந்து பார்த்தால், அந்த விருப்பத்தின் அடியில் வெள்ளையரைப் போல் ஆகிவிட வேண்டும் என்ற விருப்பம் பதுங்கியிருக்கிறது என்றார் ஹியூஸ். இளைஞர்களின் எதிரே நிற்கும் அந்த உட்பகைக்குத்தான் மலை என்று பெயரிட்டார். வெளியே இருப்பவனின் சவுக்கு ஒரு மதில், ஏறிக் குதிக்கலாம். உள்ளே குடியேறிய வெட்கம் மலை. அதன் உச்சியில் நின்று, பிறர் மெச்சினாலும் மெச்சாவிட்டாலும் நாம் நாமாகவே பாடுவோம் என்பது அவர் தீர்மானம்.

சொந்த ஏடுகளின் ஏச்சு

இப்படி எழுதியவருக்கு மாலை விழுந்திருக்கும் என்று எண்ணுகிறீர்களா? 1927இல் வந்த இரண்டாம் தொகுதியில் கூலிகள், சலவைப் பெண்கள், விடுதிப் பணியாளர், குடித்துக் கெட்டோர் ஆகியோர் தம் குரலில் பேசினர். கறுப்பின ஏடுகளே பாய்ந்தன. சாக்கடையில் வாழ்பவர் என்று ஏசியது ஒன்று. நம் இனத்தின் மேன்மக்களை, மருத்துவரை, வழக்கறிஞரைப் பாடக் கூடாதா என்றனர். ஹியூஸ் அடங்கவில்லை. தம் மக்களில் பெரும்பாலோர் உழைப்பாளர். பெரும்பாலோரைப் பாடாமல் யாரைப் பாடுவது என்பது அவர் கட்சி.

மறுபுறம் வேறொரு கூத்து நடந்தது. ஏசப்பட்ட இசை காசாயிற்று! ஜாஸ் முதன்முதல் இசைத்தட்டில் ஏறியது 1917இல். வாசித்தவர்களோ வெள்ளையர் குழு. பால் ஒயிட்மன் என்ற வெள்ளைக்காரருக்கு 'ஜாஸ் மன்னர்' என்ற பட்டம் கிடைத்தது. ஹார்லத்தின் நடுவே 'காட்டன் கிளப்' என்னும் விடுதியில் 1927 முதல் டியூக் எலிங்டன் என்ற மேதை வாசித்தார். மேடையில் கறுப்பினத்தார், இருக்கையிலோ வெள்ளையர் மட்டும். தம் இசையைத் தாம் அமர்ந்து கேட்க அம்மக்களுக்கு அங்கே இடமில்லை. நமக்கு இது புதிதா? சதிர் என்று இகழப்பட்டபோது ஆடியவர் ஒரு குலத்துப் பெண்கள். பரதநாட்டியம் என்று பெயர் மாற்றிப் போற்றப்பட்டபோது மேடையை நிறைத்தவர் பெரும்பாலும் வேறு குலத்தார். இகழ்ச்சி ஒருவருக்கு, புகழ்ச்சி மற்றொருவருக்கு! ஆகவேதான் வெட்கத்தை விடுவது வெறும் உணர்ச்சி அன்று, உரிமையும் ஆகும். தன் பொருளைத் தனதென்று சொல்ல வெட்கப்படுபவனிடமிருந்து அதை எடுத்துக்கொள்வது எளிது.

காத்திருந்த சிறுவன்

பகுத்தறிவுத் தோழர்கள் இங்கே ஒரு கேள்வி எழுப்புவர். எழுப்பவும் வேண்டும். கூத்தில் பாடப்படுவது பாரதக் கதை. திரௌபதி அம்மன் திருவிழாவில்தான் பெரிதும் ஆடப்படுவது. கறுப்பின மக்களின் இசையிலும் பாதி தேவாலயத்துத் துதி. மூடநம்பிக்கையைச் சாடும் நாம், அதனோடு பிணைந்த கலையை எப்படிப் போற்றுவது?

இதற்கு ஹியூஸின் இளமையில் ஒரு நிகழ்ச்சி உண்டு. 'பெருங்கடல்' என்ற பொருள்படும் தம் தன்வரலாற்றில், 1940இல், அவரே எழுதினார். பன்னிரண்டு வயதிருக்கும். தேவாலயத்தில் மீட்புக் கூட்டம். ஏசு வந்து உன்னை ஆட்கொள்வார், ஒளி தெரியும் என்று பெரியவர்கள் சொல்லியிருந்தனர். சிறுவன் நம்பினான், காத்திருந்தான். மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராய் எழுந்து முன்னே போயினர். பாடுகிறார்கள், அழுகிறார்கள், அவன் பெயர் சொல்லி வேண்டுகிறார்கள். யாரும் வரவில்லை, எதுவும் தெரியவில்லை. பக்கத்திலிருந்த பையன் அலுத்துப்போய், தெரிந்தது என்று பொய் சொல்லி எழுந்துவிட்டான். இறுதியில், எல்லாரையும் காக்க வைக்கிறோமே என்ற கூச்சத்தால், இவனும் எழுந்தான். கூடம் ஆர்ப்பரித்தது. அன்றிரவு படுக்கையில் தேம்பி அழுதான். பொய் சொன்னதற்காக அழுதான். வருவதாகச் சொன்னவர் வரவில்லையே, ஆகவே அவர் இல்லையே என்று அழுதான்.

ஐயம் இப்படியும் பிறக்கும்! நூல் படித்துப் பிறக்கவில்லை. நேர்மையாய்க் காத்திருந்ததில் பிறந்தது. மதத்தை வாணிகமாக்கியவர்களைச் சாடி 1932இல் அவர் பெயரில் ஒரு கவிதை வெளிவந்தது. அதற்காக 1940இல் அவர் கலந்துகொள்ளவிருந்த இலக்கிய விருந்தின் வாயிலில் மதக்கூட்டத்தார் மறியல் செய்தனர். ஆனால் அதே ஹியூஸ், அத்தேவாலயங்களில் எழுந்த பாட்டின் தாளத்தைத் தம் ஆயுள் முழுதும் நேசித்தார். 1961இல் அப்பாட்டுகளை வைத்தே மேடை நாடகமும் படைத்தார். முரண்பாடா? அல்ல. கதை புரோகிதன் கொடுத்தது. குரல் மக்கள் கொடுத்தது. கதையைக் கேள்வி கேட்கலாம். குரலை ஏன் கொல்ல வேண்டும்? கூத்துமேடையில் இன்று துரியோதனன் நிற்கிறான். நாளை அதே மத்தளத்துக்கு வேறு கதை கொடுக்க நம் எழுத்தாளருக்குக் கை வராதா?

தள்ளிப்போன கனவு

ஹியூஸ் ஏட்டோடு நிற்கவில்லை. 1931இல் அலபாமாவில் ஒன்பது கறுப்பின இளைஞர்மேல் பொய்க் குற்றம் சுமத்தப்பட்டது. ஸ்காட்ஸ்பரோ வழக்கு என்பர். மறு ஆண்டு சிறைக்கே போய் அவர்களுக்குக் கவிதை படித்தார். 1937இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரைச் செய்தியாளராய் நேரில் கண்டு எழுதினார். விளைவு? 1953இல் செனட்டர் மெக்கார்த்தியின் விசாரணைக் குழு அவரை அழைத்தது. அங்கே அவர் பிறரைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் தம் பழைய புரட்சிக் கவிதைகளிலிருந்து விலகிப் பேசினார். 1959இல் வந்த தேர்ந்தெடுத்த தொகுதியில் அவற்றைச் சேர்க்கவும் இல்லை. இக்குறையை மறைத்துப் புகழ் பாடுவது நமக்கு வழக்கமன்று. எழுதியே பிழைக்க வேண்டிய ஒருவர், அச்சம் ஆண்ட நாட்டில், பின்வாங்கிய ஓரடி அது.

இசையிலோ அவர் பின்வாங்கவே இல்லை. 1951இல் 'தள்ளிப்போடப்பட்ட கனவின் தொகுப்பு' என்ற பொருள்படும் நெடுங்கவிதை நூல் வந்தது. அப்போது ஜாஸில் 'பீபாப்' என்ற புதிய பாணி எழுந்திருந்தது: விரைந்த ஓட்டம், திடீர்த் திருப்பம், ஒருவர் வாசிப்பில் மற்றவர் குறுக்கே புகுதல். நூல் முழுதும் அவ்வாறே அமைந்தது. வாடகை தராத குடிசைக்காரன், வேலை தேடும் இளைஞன், தாய்க்குக் கடிதம் எழுதும் மகன் என்று ஹார்லமே பல குரலில் ஒரே பாட்டாய் ஒலித்தது. அந்நூலின் ஒரு சிறு கவிதையிலிருந்தே லொரெய்ன் ஹான்ஸ்பெரி 1959இல் தம் புகழ்பெற்ற நாடகத்துக்குத் தலைப்பெடுத்தார்.

1955இல் சிறுவர்க்கென ஜாஸின் வரலாறு எழுதினார். 1958இல் சார்லஸ் மிங்கஸ் முதலிய இசைஞர் வாசிக்கத் தம் கவிதைகளைத் தாமே படித்து இசைத்தட்டு வெளியிட்டார். 1961இல் வந்த 'உன் அம்மாவைக் கேள்' என்னும் நூல் இன்னும் ஒருபடி மேல். பக்கத்தின் ஒருபுறம் கவிதை. மறுபுறம், இங்கே முரசு, இங்கே குழல், இங்கே மௌனம் என்று இசைக் குறிப்பு! புத்தகமே மேடையாயிற்று. 2009இல் நியூயார்க்கின் கார்னகி மன்றத்தில் அது முழு இசைநிகழ்ச்சியாக அரங்கேறியது.

1967ஆம் ஆண்டு மே 22இல் மறைந்தார். இறுதி நிகழ்ச்சியில் ராண்டி வெஸ்டன் பியானோ வாசித்தார். கவிஞர் விரும்பியபடியே ஜாஸ் ஒலித்தது. அவர் சாம்பல் 1991இல் ஹார்லத்தின் ஷோம்பர்க் ஆய்வு நூலகத்தில், தளத்தின் கீழே வைக்கப்பட்டது. மேலே, அவர் கடித உறையில் எழுதிய ஆற்றுக் கவிதையை நினைவூட்டும் ஓவியத் தளம். படிக்க வருவோர் அதன்மேல் நடந்தே போகின்றனர். கோயில் கட்டிக் கும்பிடவில்லை. நூலகத்தில் நடமாட விட்டிருக்கின்றனர். கவிஞனுக்கு இதைவிடச் சிறந்த நினைவிடம் உண்டா?

நம் ஏட்டில் நம் தாளம்

தமிழுக்கு இந்தப் பாலம் புதிதன்று. இளங்கோ தம் காப்பியத்தில் குன்றக் குறவர் பாடலுக்கும், ஆய்ச்சியர் குரவைக்கும், கடற்கரை வரிப்பாட்டுக்கும் இடம் கொடுத்தார். உழைக்கும் மக்களின் பாட்டு காப்பியத்தின் நடுக்கூடத்தில் அமர்ந்தது. இயல், இசை, நாடகம் மூன்றும் தமிழ் என்றோம். பிறகு என்ன ஆயிற்று? இயல் புலவர் திண்ணைக்குப் போயிற்று; இசை புரியாத மொழிக்குப் போயிற்று; நாடகம் தெருவில் நின்றது. தெருவில் நின்றதைத் தெருக்கூத்து என்று இகழவும் செய்தோம்! கும்மியையும் சிந்தையும் பாரதி மீண்டும் எடுத்தார், பாவேந்தர் எடுத்தார், முப்பது வயதை எட்டாமல் 1959இல் மறைந்த பட்டுக்கோட்டையார் கழனியின் குரலைத் திரைக்கே கொண்டு சென்றார். எடுத்தவர் கை ஓங்கியதேயன்றித் தாழவில்லை.

எனவே தோழர்களே, செய்ய வேண்டியது பெரிதன்று. ஊரில் கூத்தாடுவோர் பாடலைக் கேட்டு எழுதி வைப்போம். பாடியவர் பெயரையும் சேர்த்து எழுதி வைப்போம். தேசிங்கின் கதையைப் பாடியவனுக்கு நேர்ந்த கதி இவர்களுக்கும் நேர வேண்டாம். பள்ளி விழாவில் ஒரு நாற்காலி அவர்களுக்கும் போடுவோம். தரையில் அன்று, மற்ற விருந்தினரோடு ஒரே வரிசையில்.

நாம் ஒன்று செய்தோம். கூத்து நடந்த ஊருக்கு ஓரிரவு போய் விடியும்வரை உட்கார்ந்தோம். மத்தளம் அடித்தவரிடம் சென்று, "உங்கள் மகன் எங்கள் வகுப்பில்தான் படிக்கிறான், நன்றாகத் தாளம் போடுகிறான், ஐயா" என்றோம். அவர் பதறினார். "படிப்புக் கெடுதுங்களா, சார்? நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கலைங்க" என்றார். தந்தைக்கும் அதே மலை!

மறுவாரம் வகுப்பில் மிசிசிப்பி ஆற்றைப் பற்றியும், முரசு கொட்டக் கூடாதென்ற சட்டத்தைப் பற்றியும், கடித உறையில் எழுதிய இளைஞனைப் பற்றியும் சொன்னோம். முடித்தபின் பழைய கேள்வியை மீண்டும் கேட்டோம்: "தாளம் எங்கே கற்றாய்?" அவன் உடனே சொல்லவில்லை. சன்னலுக்கு அப்பால் பார்த்தான். அங்கே இராசகிரி நின்றது. பிறகு மெல்லச் சொன்னான்: "எங்கப்பாகிட்ட, சார்."

வகுப்பு சிரிக்கவில்லை. மலையின் முதற்படியில் ஒரு கால் ஏறிவிட்டது.